கிடந்த கோலம் கேட்ட கூரை

புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ துப்ரேய் 1914-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதி கட்டடக்கலைக்கு, இரண்டாவது படிமக்கலைக்கு. அதே ஆண்டில் து.அ. கோபிநாத ராவின் இந்துப் படிமக்கலை நூலின் முதல் தொகுதியும் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. இருவருமே முன்னோடிகள். அவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் இன்றும் நிற்கிறோம். ஆனால் அன்று விழுந்த கோடு இன்னும் அழியவில்லை. கட்டடம் படிப்பவர்கள் அதிட்டானம் என்னும் அடித்தளத்தையும் தூணின்மேல் அமரும் போதிகையையும் பார்த்துக் காலம் கணிக்கிறார்கள். சிற்பம் படிப்பவர்கள் கைகளை எண்ணி, ஆயுதங்களைப் பார்த்து, இன்ன மூர்த்தம் என்று பெயர் சொல்கிறார்கள். கோயிலைக் கட்டிய பெருந்தச்சனுக்கோ இரண்டும் ஒரே வேலையாக இருந்தன.

தெய்வத்தின் வடிவம் கோயிலின் வடிவத்தை எவ்வளவு தூரம் முடிவு செய்தது என்பதே இங்கு நாம் ஆராயும் கேள்வி. பல்லவர் காலம் தொட்டுச் சோழர் காலம் முடிய எழுந்த கோயில்களை முதன்மையாக வைத்து இதைப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலவர் நிற்கிறாரா, இருக்கிறாரா, கிடக்கிறாரா? எந்தத் திசையை நோக்குகிறார்? அவரைப் பற்றிய எந்தக் கதை அந்தக் கோயிலில் முதன்மை பெறுகிறது? இவை தெரிந்தால் கோயில் அமைப்பில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

கிடந்த கோலத்திலிருந்து தொடங்குவது எளிது. சதுரக் கருவறையும் அதன்மேல் சதுரமாகவோ எண்கோணமாகவோ வட்டமாகவோ அமைந்த சிகரமும் லிங்கத்துக்குப் பொருந்தும், நின்ற திருமேனிக்கும் பொருந்தும். பாம்பணையில் நீட்டிப் படுத்த பெருமாள் வந்ததும் அந்தக் கணக்கு செல்லாது. அறை நீள வேண்டும். நீண்ட அறையின் நடுவே ஒரு வாயில் மட்டும் வைத்தால் உந்தியும் அதைச் சுற்றிய பகுதியும்தான் கண்ணில் படும், திருமுகமும் திருவடியும் சுவருக்குப் பின்னே மறைந்துவிடும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் இதற்கு மூன்று வாயில்கள் வைத்தார்கள். சுமார் 18 அடி நீளமுள்ள அந்தத் திருமேனியைச் சேவிப்பவர் ஒரு வாயிலில் முகத்தையும், நடு வாயிலில் உந்தித் தாமரையையும், மற்றொன்றில் திருவடியையும் காண்கிறார். நின்ற இடத்திலேயே முழுத் தரிசனம் கிடைக்காது, நகர்ந்து நகர்ந்துதான் பெருமாளை மனத்தில் முழுமையாக்கிக்கொள்ள வேண்டும். இந்த வழிபாட்டு முறையை வகுத்துக் கொடுத்தது அனந்தசயனத்தின் நீளம்.

கூரைக்கும் இதே சிக்கல் உண்டு. நீள்சதுர அறையின் மேல் ஒற்றைக் கலசச் சிகரம் அமையாது. வண்டிக்கூண்டு போல வளைந்த சாலைச் சிகரம் வேண்டும், அதன் முகட்டில் கலசங்கள் வரிசையாக நிற்க வேண்டும். மாமல்லபுரத்து பீம ரதம் இப்படிப்பட்டது. ஏறக்குறைய 42 அடி நீளமுள்ள அந்த ஒற்றைக்கல் கோயில் முற்றுப்பெறவில்லை. பள்ளிகொண்ட பெருமாளுக்காகத் தொடங்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதற்கு அதன் நீளமும் கூரையுமே காரணம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. சற்றுத் தள்ளி இருக்கும் கணேச ரதத்துக்கும் சாலைக் கூரைதான், ஆனால் அங்குள்ள கல்வெட்டு அதைச் சிவன் கோயில் என்கிறது. திருவரங்கத்தில் பெருமாள் கிடந்த கோலத்தில்தான் இருக்கிறார், அவருக்கு மேலே உள்ள பிரணவாகார விமானமோ வளைந்த அமைப்புடையது. ஆகவே சாலைக் கூரையைக் கண்டதும் உள்ளே அனந்தசயனம் இருந்தது என்று முடிவு கட்ட முடியாது. கிடந்த கோலம் கேட்டால் தச்சனிடம் சாலைக் கூரை தயாராக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் விசித்திரமான அமைப்புக்கும் கிடந்த கோலமே திறவுகோல். கடலை நோக்கிய பெரிய சிவன் கோயில் ஒன்று, ஊரை நோக்கிய சிறியது ஒன்று. இரண்டுக்கும் நடுவில், தரையோடு பொருந்திய பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். பாறையில் இருந்த பெருமாள் முன்பே வழிபாட்டில் இருந்திருக்க வேண்டும், பல்லவ மன்னன் இராஜசிம்மன் அவரை நகர்த்த முடியாமல் அவருக்கு இருபுறமும் விமானங்களை எழுப்பினான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. படுத்த பாறை ஒன்று ஓர் அரசனின் கட்டட வரைபடத்தையே வளைத்திருக்கிறது. இதற்கு நேர்எதிரான வேலையைக் காஞ்சிபுரம் உலகளந்த பெருமாள் கோயிலில் காணலாம். ஏறக்குறைய 35 அடி உயரத்தில் கால் தூக்கி நிற்கும் திரிவிக்கிரமனுக்காகக் கருவறை மேல்நோக்கி வளர்ந்திருக்கிறது. அருகில் சென்று தலையை நிமிர்த்தினால்தான் திருமுகம் தெரியும். உலகை அளந்தவனின் உயரத்தை விளக்க அங்கே வேறு எதுவும் தேவையில்லை.

மூன்று கோலங்களும் ஒரே கோயிலில் வேண்டும் என்றால் என்ன செய்வது? மூன்று தெய்வங்களை ஒரே இடத்தில் வைக்கும்போது இதே கேள்வி முன்பே எழுந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் பாறையைக் குடைந்து பக்கம் பக்கமாக மூன்று அறைகள் வைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்த கோயில் என்று அங்கே கல்வெட்டிலும் பொறித்தான். ஒன்றரை நூற்றாண்டுக்குள் இரண்டாம் நந்திவர்மனின் தச்சர்கள் காஞ்சியில் அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பரமேச்சுர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடிய வைகுந்தப் பெருமாள் கோயில் அது. கீழ்த்தளத்தில் இருந்த கோலம், நடுத்தளத்தில் கிடந்த கோலம், மேல்தளத்தில் நின்ற கோலம்.

சாதாரண விமானத்தில் மேல்தளங்கள் வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான், கருவறைக்கு மேலே ஒருவரும் ஏறுவதில்லை. வைகுந்தப் பெருமாள் கோயிலில் ஒவ்வொரு தளமும் வழிபாட்டுக்குரிய கருவறை. கருவறையின் கூரை அடுத்த கருவறையின் தரையாகிறது. மேலே இருக்கும் திருமேனியின் பாரத்தைக் கீழே உள்ள சுவர் தாங்க வேண்டும். அதனால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுவர்கள் எழுந்தன, இடைப்பட்ட இடம் சுற்றுப்பாதையாகவும் படிக்கட்டாகவும் மாறியது. தமிழ்நாட்டுக் கட்டடக்கலையில் இதைவிடத் துணிச்சலான பொறியியல் முயற்சிகள் சிலவே. அதைத் தூண்டியது அளவுப் பெருமையோ அரசியல் போட்டியோ என்று தேட வேண்டியதில்லை. ஒரே பெருமாளை மூன்று நிலைகளில் சேவிக்க வேண்டும் என்ற வேட்கை போதும்.

ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் இந்த ஒரு கோயிலைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். அவர் மறைந்த பின் 2008-இல் அது வெளிவந்தது. தளங்களின் அடுக்கும் சுவர்ச் சிற்பங்களின் வரிசையும் திருமால் பல வடிவங்களாக விரிகிறார் என்னும் பாஞ்சராத்திர வியூகக் கோட்பாட்டைக் கல்லில் விரித்துச் சொல்கின்றன என்பது அவர் வாதம். ஒவ்வொரு சிற்பப் பலகைக்கும் அவர் கற்பிக்கும் பொருளை அப்படியே ஏற்பது எனக்குக் கடினம். சில இடங்களில் நூலறிவு கல்லை மீறிப் போகிறது. என்றாலும் இந்தக் கட்டடத்தைத் திருமாலின் திருமேனியாகவே நினைத்து அமைத்தார்கள் என்ற அவருடைய அடிப்படைப் பார்வையை மறுக்க வழியில்லை.

இந்த அடுக்குமுறை ஒரு கோயிலோடு நின்றுவிடவில்லை. உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் வரிசை மாறுகிறது: கீழே நின்ற கோலம், நடுவே இருந்த கோலம், உச்சியில் கிடந்த கோலம். மதுரைக் கூடலழகர் கோயிலிலும் திருக்கோட்டியூரிலும் அட்டாங்க விமானம் என்ற பெயரோடு இது தொடர்ந்தது. வைகானச ஆகமங்கள் பல தளக் கோயில்களில் எந்தத் தளத்தில் எந்தக் கோலம் என்று பேசுகின்றன. நூல் முதலில் வந்ததா, கட்டடம் முதலில் வந்ததா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே ஓயாது. பட்டறையில் கண்டுபிடித்ததை நூல் பதிவு செய்வதும், நூல் சொன்னதைப் பட்டறை மாற்றிப் பார்ப்பதும் மாறி மாறி நடந்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. ஒரே வரிசையை எல்லாரும் பின்பற்றாததே அதற்குச் சான்று.

சிவன் கோயிலில் நிலைமை வேறு. லிங்கத்துக்கு முகமும் இல்லை, கோலமும் இல்லை. அது கட்டடத்தைப் பார்த்து, “எனக்கு நீண்ட அறை கொடு” என்று கேட்பதில்லை. அதனால் சிவனுடைய வடிவங்கள் எல்லாம் சுவருக்கு வந்தன. பல்லவர்கள் முதலில் உட்சுவரைத்தான் நாடினார்கள். லிங்கத்துக்குப் பின்னால் கருவறையின் பின்சுவரில் சிவனும் உமையும் நடுவில் குழந்தைக் கந்தனும் அமர்ந்த சோமாஸ்கந்தப் பலகையை வைத்தார்கள். கடற்கரைக் கோயிலில் இது உண்டு. தருமராஜ ரதத்தின் மேல்தளத்திலும், காஞ்சி கைலாசநாதர் கோயிலின் கருவறையிலும் பார்க்கலாம். இந்தப் பலகைதான் முதலில் மூலவரா, லிங்கம் பின்னால் வந்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். கைலாசநாதர் கோயிலில் இராஜசிம்மன் சுற்றுச்சுவரையே 58 சிறு கோயில்களாக்கியிருக்கிறான். சுவரை எல்லையாக மட்டும் பார்த்தவனுக்கு இது தோன்றியிருக்காது.

சோமாஸ்கந்தத்தின் பின்கதையும் கட்டடத்தின் கதைதான். உமை சிவனோடு ஒரே இருக்கையில் இருந்தவரை அவளுக்குத் தனி இடம் தேவைப்படவில்லை. சோழர் காலத்தில் சோமாஸ்கந்தர் செப்புத் திருமேனியாகி வீதியுலாவுக்குப் போனார், திருவாரூரில் தியாகராசராகி மூலவருக்கு நிகரான தனிச் சந்நிதி பெற்றார். அம்மனோ நின்ற திருக்கோலத்தில் தனித்து வந்தாள். கல்வெட்டுகள் திருக்காமக்கோட்டம் என்று குறிக்கும் தனி அம்மன் கோயில் முதலாம் இராஜேந்திரன் காலத்திலிருந்து பரவலாகிறது. சிவன் கிழக்கு நோக்க, அம்மன் தெற்கு நோக்க, இரண்டு கருவறைகளையும் இணைக்கும் மண்டபமும் பெரிய திருச்சுற்றும் தேவைப்பட்டன. இன்று நாம் இயல்பான சிவன் கோயில் என்று நினைக்கும் அமைப்பு, ஒரு பலகையில் ஒன்றாக இருந்த குடும்பம் தனித்தனித் திருமேனிகளாகப் பிரிந்ததன் விளைவு.

சோழர்கள் வெளிச்சுவரைக் கையில் எடுத்தார்கள். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரமன். அர்த்தமண்டபத்தின் தென்சுவரில் பிள்ளையார், வடசுவரில் துர்க்கை. இன்று கோயிலுக்குப் போகும் எந்தப் பாட்டிக்கும் இது மனப்பாடம். ஆனால் இது தொடக்கத்திலிருந்தே இப்படி உறைந்துவிடவில்லை. கும்பகோணம் நாகேசுவரன் கோயிலின் மேற்குக் கோட்டத்தில், அதாவது சுவர் மாடத்தில், நிற்பவர் அர்த்தநாரி. புள்ளமங்கையில் லிங்கோத்பவர். மேற்கே யாரை வைப்பது என்று சோழச் சிற்பிகள் பல காலம் யோசித்திருக்கிறார்கள், கடைசியில் லிங்கோத்பவர் நிலைத்தார்.

ஏன் நிலைத்தார் என்பதைக் கோயிலை வலம் வந்தால்தான் புரிந்துகொள்ள முடியும். கிழக்கு நோக்கிய கோயிலில் உள்ளே லிங்கம் நிற்கும் அச்சும், வெளியே மேற்குச் சுவரின் நடுவும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. முன்னால் நின்று அருவுருவமான லிங்கத்தைத் தொழுதவர், பாதிச் சுற்று முடிந்து சரியாக அதன் பின்புறம் வரும்போது, அதே லிங்கம் அனல் தூணாகப் பிளந்து உள்ளிருந்து இறைவன் வெளிப்படுவதைக் காண்கிறார். அன்னமாகப் பறந்த பிரமன் மேலே, பன்றியாக அகழ்ந்த திருமால் கீழே. உள்ளே கண்டதற்கு வெளியே விளக்கம், நடுவில் ஒரு கற்சுவர். தமிழ்க் கோயிற்கலையில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு இது. தட்சிணாமூர்த்தியின் திசையும் அப்படிப்பட்டதே. தென்முகக் கடவுள் தென்சுவரில்தான் இருக்க முடியும். வேறு சுவரில் வைத்தால் அவர் பெயரே பொய்த்துவிடும்.

வடிவங்கள் பெருகியபோது சுவரும் நீண்டது. கண்டராதித்தனின் தேவி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் பழைய செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கியபோது அர்த்தமண்டபச் சுவர்களில் கோட்டங்கள் கூடின, ஆடல்வல்லானுக்குத் தென்சுவரில் நிலையான இடம் கிடைத்தது. தேவாரம் பாடிய வடிவங்களைக் கண்ணால் காணும் ஆசையே அந்தச் சுவர்களை நீட்டியது. கணவனின் நினைவாக அவர் கட்டிய கோனேரிராஜபுரம் கோயிலில் இதைப் பார்க்கலாம்.

கோலம், திசை இரண்டுக்கும் அடுத்து வருவது கதை. 1010-இல் கலசம் ஏறிய தஞ்சைப் பெரிய கோயிலின் இரண்டாம் நிலைச் சுவரில் ஒரே மூர்த்தம் திரும்பத் திரும்ப வருகிறது: வில்லேந்திய திரிபுராந்தகர். கீழ்நிலைக் கோட்டங்களில் பல வடிவங்கள் இருக்க, மேல்நிலை முழுவதையும் ஒருவரே ஆள்கிறார். உட்சுற்றின் ஓவியத்திலும் முப்புரம் எரித்த காட்சி பெரிய அளவில் தீட்டப்பட்டிருக்கிறது. பகைவர் கோட்டைகளை வென்ற இராஜராஜனின் அடையாளம் இது என்று ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஏற்கத் தக்க விளக்கம். கட்டடத்தின் பக்கத்திலிருந்து நான் ஒன்று சேர்ப்பேன். அந்தப் போரில் சிவனுக்கு மேருமலை வில்லாகிறது. இக்கோயிலின் செப்புத் திருமேனிகளில் ஒன்றின் பெயர் தட்சிணமேருவிடங்கர். மேருவாக எழுந்த விமானத்தின் உடம்பெங்கும் மேருவை வளைத்தவன் நிற்கிறான்.

அந்தக் கதையில் சிவன் ஏறிய தேர், பூமியே தேராகவும் சூரிய சந்திரர் சக்கரங்களாகவும் அமைந்த தேர். தஞ்சையில் சிற்பமாக இருந்த கதை பிற்காலச் சோழரிடம் கட்டடமாகவே ஆனது. மேலக்கடம்பூரில் கருவறை விமானமே சக்கரம் பூட்டிய தேராக நிற்கிறது. தாராசுரத்தில் இரண்டாம் இராஜராஜன் காலத்து இராஜகம்பீரன் மண்டபத்தின் பக்கங்களில் கல் சக்கரங்களும் பாயும் குதிரைகளும் உள்ளன. சிதம்பரம் நிருத்த சபையும் இந்த வகையே. 13-ஆம் நூற்றாண்டில் ஒடிசாவின் கோணார்க்கில் சூரியனுக்கு ஏழு குதிரைகளும் 24 சக்கரங்களும் கொண்ட பெருந்தேர் எழுவதற்கு முன்பே காவிரிக் கரையில் கல் தேர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

சிதம்பரம் தனி வகை. அங்கே மூலவர் ஆடுகிறார். ஆடுபவருக்கு வேண்டியது மேடை. ஆகவே அவர் இருக்குமிடம் சபை. கல் மேடையின்மேல் மரத்தால் அமைந்து பொன் ஓடு வேய்ந்த குடில் அது. விமானத்தின் தளங்களும், அவற்றில் அமையும் கூடம், பஞ்சரம் போன்ற சிறு கோயில் வடிவங்களும் அங்கே இல்லை. மூலவரே ஆனியிலும் மார்கழியிலும் தேரேறி வெளியே வருகிறார். அருகிலேயே கோவிந்தராசர் கிடந்த கோலத்தில் இருக்கிறார். ஒரே இடத்தில் நின்று தெற்கு நோக்கி ஆடுபவரையும் கிழக்கு நோக்கிப் பள்ளிகொண்டவரையும் தரிசிக்கலாம். ஒருவருக்குச் சபை, மற்றவருக்குக் கருவறை என்று இருவர் கேட்ட கட்டடமும் வேறு.

ஆடலின் இடமும் காலப்போக்கில் நகர்ந்தது. தஞ்சையில் கரணங்கள் எனும் 108 ஆடல் நிலைகளுக்கு இடம் ஒதுக்கி, கருவறைக்கு மேல்தளத்து உட்சுற்றில் சிவனே ஆடுவதாக 81-ஐச் செதுக்கினார்கள். மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. சிதம்பரத்தில் கரணங்கள் கோபுர வாயிலின் உட்சுவர்களுக்கு இறங்கி வந்தன. ஆடுபவரும் பெண்ணாக மாறினார். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாத்திரச் சுலோகங்களையும் கூடவே பொறித்தார்கள். இறைவனுக்கு அருகே மறைவில் இருந்த ஆடல் ஊர் நுழையும் வாயிலுக்கு வந்ததால் கோபுர வாயில்கள் சிற்பம் தாங்கும் ஆழம் பெற்றன. குற்றாலத்துச் சித்திர சபையோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. அங்கே இறைவன் சுவரோவியம். ஓவியத்துக்குத் திருமஞ்சனம் செய்ய முடியாது. எனவே அந்தச் சபையின் பணி ஒரு சுவரைக் காப்பதும், அதன் முன்னே நின்று பார்க்க இடம் தருவதும்தான்.

இனி மறுபக்கம். கட்டடக்கலை ஆய்வாளர்களான மதுசூதன் டாக்கியும் ஆடம் ஹார்டியும் கோயில் கட்டடத்துக்கென்று ஒரு சொந்த வளர்ச்சி உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். கூடம், சாலை, பஞ்சரம் ஆகிய சிறு கோயில் வடிவங்கள் சேர்ந்தும் பெருகியும் வெளிநோக்கித் தள்ளியும் புதிய விமானங்களை உருவாக்கின. உள்ளே யார் இருக்கிறார் என்பது இந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. காஞ்சியின் திருப்பருத்திக்குன்றத்தில் சந்திரப்பிரபருக்கு எழுந்த சமணக் கோயிலும் திராவிட விமானம்தான். சிவனுக்கும் திருமாலுக்கும் ஒரே விமானத்தைக் கட்டிவிட்டு, மேல்நிலை மூலைகளில் நந்தி வைத்தால் சிவன் கோயில், கருடன் வைத்தால் பெருமாள் கோயில் என்று அடையாளப்படுத்திய இடங்கள் ஏராளம். இந்த வாதம் சரியானது. ஆனால் அது விமானத்தின் மேற்பரப்பைத்தான் விளக்குகிறது. கருவறை ஏன் நீண்டது, தளம் ஏன் ஏறக்கூடியதானது, வாயில் ஏன் மூன்றானது, சபை ஏன் விமானம் இல்லாமல் நின்றது என்ற கேள்விகளுக்குத் திருமேனியிடம்தான் போக வேண்டும். சிற்ப நூல்களும் கருவறையின் அகலம், வாயிலின் உயரம், மூலவரின் உயரம் ஆகியவற்றை ஒன்றையொன்று சார்ந்த அளவுகளாகவே கூறுகின்றன.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டும் என்றால் இவ்வளவு அக்கறையோடு எழுத வேண்டியதில்லை. திருப்பணி என்ற பெயரில் நல்ல மனத்தோடு செய்யும் காரியங்கள் இந்த இணைப்பை அன்றாடம் அறுக்கின்றன. குருப்பெயர்ச்சிக் கூட்டத்துக்காகத் தட்சிணாமூர்த்திக்கு முன்னால் தகரப் பந்தலும் இரும்புக் கம்பித் தடுப்பும் நிரந்தரமாகின்றன. சுவரில் இருந்தவர் தனிச் சந்நிதிக்குள் போய்விடுகிறார். தென்சுவரின் மற்ற கோட்டங்கள் அவருக்குப் பின்னால் இருட்டில் கிடக்கின்றன. மேற்கே லிங்கோத்பவருக்கு எதிரில் சேமிப்பறை கட்டி, வலம் வரும் பாதையைச் சுருக்கிய கோயில்களும் உண்டு. பாதியில் நின்று பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே சுற்று முடிந்துவிடுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் பக்தர்களுக்கு நிழல் வேண்டும், மறுக்கவில்லை. நிழலைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கழற்றி மாட்டக்கூடிய பந்தலாக வைக்கலாம்.

கடல் கடந்த ஊர்களில் புதிதாக எழும் கோயில்களில் சிக்கல் வேறு வகை. ஒரே மண்டபத்தில் சிவன், பெருமாள், முருகன், அம்மன், ஐயப்பன் எல்லாருக்கும் ஒரே அளவில் சிறு விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. ஊருக்கு ஒரே கோயில்தான் சாத்தியம் என்ற நிலையில் அது நியாயமான ஏற்பாடு. அங்கும் கோலத்துக்கு இடம் தர முடியும். மண்டகப்பட்டில் மூவரை ஒரே பாறையில் வைத்தவர்களும் உத்திரமேரூரில் மூன்று கோலங்களை அடுக்கியவர்களும் நெருக்கடியான இடத்தில்தான் வேலை செய்தார்கள். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் பயின்ற ஸ்தபதிகள் பலர் இத்தகைய கோயில்களைக் கட்டுகிறார்கள். வரைபடம் போடுவதற்கு முன் திருமேனியின் கோலத்தையும் நீள அகலத்தையும் முடிவு செய்து, கருவறையும் வாயிலும் அதிலிருந்து பிறக்கட்டும் என்று நிர்வாகக் குழுவினர் அவர்களிடம் கேட்டால் போதும், அவர்களுக்கு அது தெரிந்த வேலைதான்.